சாவடியில் என்ன நடந்தது?

சென்ற தவக்காலத்தில் நடந்த நம் பங்குப் பேரவைக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருள் ஒன்று நடுவே வந்து விழுந்தது. 108 அவசர ஊர்தியில் ஒன்பது ஆண்டுகள் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றிய நம் பங்கு இளைஞர் ஒருவர், அந்த வேலையை விட்டுவிட்டு உளவியல் ஆற்றுப்படுத்துதல் படிக்கச் சேர்ந்திருக்கிறார். செய்தி அவ்வளவே. ஆனால் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் அதை விடுவதாக இல்லை. “உயிரக் காப்பாத்துற வேலைய விட்டுட்டு, உக்காந்து பேசுற வேலைக்குப் போறானாம் சாமி! நீங்களும் சரின்னு சொல்லி அனுப்புனீங்களாமே?” என்றார். கூட்டம் சிரித்தது. நாமும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர்க் கணக்கிற்குத் தாவினோம்.

அன்று சொல்லாமல் விட்ட மறுமொழியே இக்கட்டுரை. சிரித்தவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர்கள். வெள்ளம் வந்தால் முதலில் படகை எடுத்துக்கொண்டு ஓடுபவர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை முழுதும் நீரில் மூழ்கியபோது, கடற்கரை மக்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிச் சென்று ஊர் ஊராய் மக்களை மீட்டதை நாடே கண்டது. ஆகவே இரக்கம் இல்லாத மக்களைப் பார்த்து நாம் இதை எழுதவில்லை. இரக்கத்தைப் பாதி வழியில் நிறுத்திக்கொண்ட மக்களைப் பார்த்து எழுதுகிறோம். அந்தப் பாதி வழியில் நெடுங்காலம் நின்றவர்களுள் நாமும் ஒருவர்.

அந்த இளைஞர் நம்மிடம் வந்து பேசிய மாலையை முதலில் சொல்லிவிட வேண்டும். நெல்லைச் சாலையில் துறைமுக லாரிகளோடு மோதிச் சிதைந்தவர்களைத் தூக்கியவர் அவர். உப்பளத்தில் வெயில் தாங்காமல் சுருண்டவர்களையும், ஓடும் ஊர்தியிலேயே பிள்ளை பெற்ற தாய்மாரையும் மருத்துவமனை வரை உயிரோடு கொண்டு சேர்த்தவர். வேலை கசந்துவிட்டதா என்று கேட்டோம். இல்லை என்றார். பயமா என்றோம். அதுவும் இல்லை. சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முயன்ற அவரை இவர் ஒருமுறை தூக்கிச் சென்று பிழைக்க வைத்தார். சில மாதங்களுக்குப் பின் அதே தெரு, அதே வீடு. இரண்டாம் முறை அந்தப் பெண் இவரை அடையாளம் கண்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாம் முறை அழைப்பு வந்தபோது ஊர்தியால் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

“ஆசுபத்திரி வாசல்ல ஒப்படைச்சிட்டுக் கையெழுத்து வாங்கிட்டு, வண்டியக் கழுவிட்டு அடுத்த கேசுக்குப் போயிருவோம் சாமி. ரெண்டு தடவையும் சரியாத்தான் செஞ்சேன். அந்த ரெண்டு தடவைக்கும் நடுவுல அவங்ககிட்ட யாராவது பேசுனாங்களான்னு எனக்குத் தெரியல” என்றார்.

யாரும் பேசவில்லை. நமக்குத் தெரியும், அந்தப் பெண் நம் பங்கைச் சேர்ந்தவர்.

இனி, நல்ல சமாரியர் உவமைக்கு வருவோம். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் உள்ள இவ்வுவமையை நாம் எத்தனை முறை மறையுரையில் விளக்கியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. குருவும் லேவியரும் விலகிப் போனதைச் சொல்லுவோம். சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியதைச் சொல்லுவோம். தம் விலங்கின்மேல் ஏற்றியதைச் சொல்லுவோம். அந்தக் காலத்து 108 என்று சொல்லி மக்களைச் சிரிக்கவும் வைப்போம். அத்தோடு மறையுரை முடிந்து நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்துவிடுவோம். ஆனால் ஆண்டவர் அங்கே முடிக்கவில்லை. சமாரியர் அடிபட்டவரைச் சாவடிக்குக் கொண்டுபோய்க் கவனித்துக்கொண்டார் என்கிறது நற்செய்தி. இரண்டு தெனாரியத்தை எடுத்துக்கொடுத்தது மறுநாள். அப்படியானால் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. இரத்தம் நின்றுவிட்ட பிறகு வரும் இரவு அது. கள்வரிடம் அகப்பட்டு, ஆடை பறிக்கப்பட்டு, தன் இனத்துக் குருவே தன்னைக் கண்டும் காணாமல் போனதைக் குற்றுயிராய்க் கிடந்து பார்த்த ஒரு மனிதன், அந்த இரவில் தூங்கியிருப்பானா? விழித்துக் கத்தியிருக்க மாட்டானா? அவன் அருகே உட்கார்ந்திருந்தவர் யார்? சமாரியர் தம் பயணத்தைத் தள்ளிப்போட்டார். மறுநாள் புறப்படும்போதும் கணக்கை முடித்துவிட்டுப் போகவில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனார். சாலையில் அவர் செய்தது சில நிமிட வேலை. சாவடியில்தான் இரவு கழிந்தது.

நாம் சாலைக்குச் சிலை வைத்தோம். சாவடியை மறந்தோம்.

“இது பெரிய நகரத்துப் பணக்காரர்களின் பிரச்சினை, நமக்கு எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு இரண்டு எண்களைச் சொல்லுகிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மகாராட்டிரத்திற்கு அடுத்த இடம் நம்முடையது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்தில் இறந்தோர் 17,884 பேர். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சாலையில் சாகிறவனுக்காக 2008-ஆம் ஆண்டு முதல் அரசு ஊர்தி ஓட்டுகிறது, மிக நன்று. அவனைவிட அதிக எண்ணிக்கையில், தன் வீட்டிற்குள்ளேயே, நம் அன்பியக் கூட்டம் நடக்கும் அதே தெருவில் இறக்கிறவனுக்கு நாம் என்ன ஓட்டுகிறோம்? பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் சிகிச்சையே பெறுவதில்லை என்றும் கண்டது. ஆயிரம் பேர் வந்து அமரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் இது எத்தனை பேர் என்று பேரவையின் மூத்த உறுப்பினர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். கணக்கில் அவர் கெட்டிக்காரர்.

அடுத்த எதிர்ப்பு பக்தியிலிருந்து வருகிறது. செபம் போதாதா? ஒப்புரவு அருட்சாதனம் எதற்கு இருக்கிறது? குருவிடம் சொன்னால் தீராததா, கூலி வாங்கிக்கொண்டு கேட்கும் ஒருவரிடம் தீர்ந்துவிடும்? இந்தக் கேள்வியை நாம் இலேசாக எண்ணவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தின் ஆற்றலை நம்பியே இப்பணிக்கு வந்தோம். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொட்டியில் உட்கார்ந்தவர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே வருகிறவர்களில் பலர் பாவத்தைக் கொண்டுவருவதில்லை, துயரத்தைக் கொண்டுவருகிறார்கள். வேறு எங்கும் சொல்ல இடமில்லாததால், துயரத்திற்குப் பாவத்தின் சட்டையைப் போட்டுக் கூட்டிவருகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், “நான் ஒழுங்காச் செபிக்கல சாமி” என்பார். தூக்கமின்றித் தவிக்கும் வாலிபன், “எனக்கு விசுவாசக் குறைவு” என்பான். பாவத்திற்கு மன்னிப்பு வழங்க நமக்கு அதிகாரம் உண்டு. பாவமே இல்லாத இடத்தில் மன்னிப்பு வழங்கினால் என்ன ஆகும்? தன் துன்பம் தன் குற்றமே என்ற அவரது நினைப்பிற்கு நாமும் முத்திரை குத்தியவர் ஆவோம். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்க, மூன்று அருள் நிறைந்த மந்திரத்தை அபராதமாகச் சொல்லி எத்தனை நோயாளிகளை நாம் அனுப்பியிருப்போம்!

திருச்சபை இதை அறியாதது அல்ல. 1953 ஏப்ரலில் உளமருத்துவ வல்லுநர்களின் அனைத்துலக மாநாட்டினரைத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் உரோமையில் வரவேற்று, அவர்களது பணியின் எல்லைகளையும் மாண்பையும் எடுத்துரைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை என்னும் கொள்கைத் திரட்டின் 62-ஆம் எண், அருள்பணியில் இறையியல் கோட்பாடுகளோடு உளவியல், சமூகவியல் போன்ற அறிவியல்களின் முடிவுகளையும் அறிந்து பயன்படுத்தவேண்டும் என்று கூறுகிறது. குருமடத்தில் இதைத் தேர்வுக்குப் படித்து நாம் மதிப்பெண்ணும் வாங்கினோம். பங்கிற்கு வந்தபின் அந்தப் பக்கத்தை யார் திறந்தார்கள்?

திருவிவிலியமே திறந்து கிடக்கிறது. அரசர்கள் முதல் நூலின் 19-ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா, சூரைச் செடியின் அடியில் அமர்ந்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார். கார்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பை இறக்கிய அதே எலியா! விசுவாசக் குறைவு என்று அவரை யார் சொல்வது? ஆண்டவர் அவருக்கு அனுப்பிய வானதூதர் மறையுரை ஆற்றவில்லை. தொட்டு எழுப்பினார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மீண்டும் தூங்கவிட்டார், மீண்டும் வந்து எழுப்பினார். பயணம் நீண்டது என்பதை ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகே ஓரேப் மலை, அதற்குப் பிறகே மெல்லிய ஒலி. யோபுவின் நண்பர்களையும் பாருங்கள். ஏழு நாள் அவரோடு தரையில் வாய்திறவாமல் அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். எட்டாம் நாள் இறையியல் பேசத் தொடங்கினார்கள், கெட்டுப்போனார்கள். இறையியல் படித்த நமக்கு இது உறைக்க வேண்டிய இடம்.

நம் கரையின் வரலாற்றையும் சிறிது புரட்டுவோம். சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. செபங்களை மொழிபெயர்க்கச் செய்து மனனம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். ஊர் ஊராய் நோயாளிகள் அழைத்தார்கள். எல்லா வீட்டிற்கும் போக அவரால் இயலவில்லை. ஆகவே செபம் கற்ற சிறுவர்களை நோயாளிகளிடம் அனுப்பினார். கைசலிக்கும் மட்டும் திருமுழுக்குக் கொடுத்த அந்தப் பணியை நாம் இன்று அவசரப் பணி என்றே சொல்லலாம். அவர் போன பின்பு இங்கேயே தங்கியவர் அண்டிரிக் அடிகளார். அவர் செய்த முதல் வேலை தமிழ் கற்றது. ஏன்? மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவனின் உள்ளத்தைக் கேட்க முடியாது என்பதால். புன்னைக்காயலில் ஏழைகளுக்கு மருத்துவமனை ஏற்படுத்தியதும் அவரே. 1580-இல் கொச்சியில் அச்சேறிய ‘கொம்பெசியோனாயரு’ என்னும் தமிழ்ப் பாவசங்கீர்த்தன நூலை ஆக்கியதும் அவரே. ஒரு கையில் மருத்துவமனை, மறு கையில் மனத்தைச் சோதித்தறியும் நூல். 1600-இல் மறைந்த அவருடைய உடல் தூத்துக்குடி மண்ணில் அடங்கியது. ஒன்று உயிர் காக்கும் வேலை, மற்றது உட்கார்ந்து பேசுகிற வேலை என்று அவர் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முத்துக்குளிப்பிலேயே ஒரு செய்தி உண்டு. சுறாக்களை மந்திரத்தால் கட்டுகிறவர் என்று கருதப்பட்ட ‘கடல்கட்டி’ கரையில் நின்று சடங்கு செய்தாலன்றிக் குளியாட்கள் நீரில் இறங்கமாட்டார்கள். வெள்ளைக்கார அரசும் அதை ஏற்றுக்கொண்டது. 1859-இல் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டென்னன்ட், அக்காலத்தில் அந்தக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகிறார்! அந்த மந்திரத்தை நாம் ஆதரிக்கவில்லை. மறைக்கல்விப்படி அது விலக்கப்பட்டதே. ஆனால் முத்தை மட்டுமே விரும்பிய ஓர் அரசு, குளியாளின் அச்சத்திற்கு ஒரு வழி செய்யாமல் அவன் மூச்சை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று அறிந்திருந்தது. ஆன்மாவையே விரும்பும் திருச்சபையின் பங்குப் பேரவைக்கு அது தெரியவில்லை.

“பயிற்சி பெற்ற ஒருவரை அவசர ஊர்தி இழந்துவிட்டதே?” என்ற கேள்வி நியாயமானது. இழப்புதான். மறுக்கமாட்டோம். ஆனால் முத்துச்சலாபம் கடைசியாக நடந்த 1961 வரை குளித்தவர்களின் மரபைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே இளைப்பாறுவார். ஒரு மூழ்கல் ஏறத்தாழ ஒரு நிமிடம். மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். அந்த அசைவை உணரத் தவறினால் கீழே இருப்பவன் பிணம். ஆகவே நம்பத் தகுந்த உறவினரையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கயிற்றுக்காரரைப் பார்த்து, இவர் மூழ்காமல் சும்மா நிற்கிறார் என்று எந்தப் பரதவரும் சொன்னதில்லை. ஒன்பது ஆண்டுகள் மூழ்கியவர் ஒருவர் மேலே வந்து கயிற்றைப் பிடிக்கிறேன் என்கிறார். அடியில் மூச்சு முட்டுவது எப்படி இருக்கும் என்று அறிந்தவர் அவர். அவர் கையில் கயிற்றைக் கொடுக்க நமக்கு என்ன தயக்கம்?

தமிழில் இப்பணிக்கு நாம் வைத்திருக்கும் சொல்லே அழகானது. பரிசில் பெற்று வருகிற பாணன், வழியில் வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு, தான் போய்வந்த வழியைச் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி அவ்வகை நூல்களே. வழியை நடந்து பார்த்தவனே வழி சொல்ல உரியவன். ஈழத்தமிழர் இதையே உளவளத்துணை என்பர். அந்தச் சொல் அங்கே வெறும் பாடநூலில் பிறக்கவில்லை. போரின் நடுவில் யாழ்ப்பாணத்தில் 1987-இல் தொடங்கப்பெற்ற சாந்திகம், குண்டுவீச்சிற்கும் இடப்பெயர்வுக்கும் இடையே மக்களின் மனக்காயத்திற்குத் துணை நின்றது. மட்டக்களப்பில் இயேசு சபைத் தந்தை பால் சற்குணநாயகம் 1996-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற இடத்தை உருவாக்கி, தமிழ், முஸ்லிம் குழந்தைகளை ஒன்றாக அழைத்து, களிமண்ணும் கதையும் விளையாட்டுமாக அவர்களது அச்சத்தைப் பேசவைத்தார். பணக்காரர்களின் பிரச்சினை என்பவர்கள் அந்தக் குழந்தைகளின் வீடுகளைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். இப்பக்கத்தில், 1986-இல் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் தன்னார்வலர்கள், 2004 ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த மீனவக் குடும்பங்களைத் தேடிச் சென்று தொடர்ந்து பேசினார்கள். அவர்கள் கையில் மருந்துப் பெட்டி இல்லை. காதுகள் இருந்தன, அவற்றிற்குப் பயிற்சி இருந்தது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரிக் கடற்கரை என்ன பட்டது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. உடல் கிடைக்காத சாவுக்கு அடக்கச் சடங்கு எப்படி நடத்துவது என்று குருக்கள் திகைத்தார்கள். வாசலில் ஒவ்வொரு இரவும் விளக்கு வைத்த மனைவியருக்கு நிவாரணத் தொகை போனது. அந்த விளக்கைப் பற்றி அவர்களிடம் பேச எத்தனை பேர் போனார்கள்? 2018 மே 22-இல் நம் நகரத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். காயம்பட்டவர்களின் கால்களும் கைகளும் மருத்துவமனையில் கணக்கெடுக்கப்பட்டன. அன்று முதல் பட்டாசுச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கும் ஒரு பிள்ளையை நாம் அறிவோம். அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை.

இனி நம் குற்றத்தைச் சொல்லுகிறோம். நாம் குருவாகிய தொடக்க ஆண்டுகளில், ஒரு சிற்றூரில் தற்கொலையால் இறந்த ஓர் இளைஞனை அடக்கம் செய்ய நேர்ந்தது. மணி அடிக்கக்கூடாது, திருவுடலைக் கோவிலுக்குள் கொண்டுவரக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்றார்கள். நமக்குச் சட்டம் தெரியும். வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. 1983-இல் வந்த புதிய தொகுப்பின் 1184-ஆம் சட்டத்தில் அந்த மறுப்பு இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கடுமையான உளக் கோளாறும் வேதனையும் அச்சமும் ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என்று 2282-ஆம் எண்ணிலும், அவர்களது மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கலாகாது, திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்று 2283-ஆம் எண்ணிலும் கற்பிக்கிறது. இவ்வளவும் தெரிந்தும், ஊரைப் பகைக்க அஞ்சி, மணியில்லாமல், திருப்பலியில்லாமல், நேரே கல்லறைத் தோட்டத்தில் மன்றாட்டு மட்டும் சொல்லி அடக்கினோம். முடிந்ததும் அந்தத் தாய் நம்மிடம் வந்து, “எம் மவனுக்கு மணியடிக்கக் கூடாதுன்னு எந்த வேதத்துல இருக்கு சாமி?” என்று கேட்டார். எந்த வேதத்திலும் இல்லை. அதை அன்று அவரிடம் சொல்லவும் நமக்குத் துணிவில்லை.

ஆகவே, பேரவையில் சிரித்தவர்களைக் கடிந்துகொள்ளும் உரிமை நமக்குக் குறைவே. எனினும் கடிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியாது. ஏனெனில் நம் மௌனத்திற்கு விலை கொடுப்பவர்கள் வேறு யாரோ.

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றி 28 பேர் கருகினார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அது நம் சமயத்தார் இடம் அல்லவே என்று யாரும் நிம்மதி கொள்ளவேண்டாம். நம் திருத்தலங்களின் வாசல்களிலும் சங்கிலிகள் கிடந்தன. பேய் என்றோம், அடித்தோம், காணிக்கையும் வாங்கினோம். மனநோயாளரைச் சங்கிலியில் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. சங்கிலியை அவிழ்க்க நாடாளுமன்றம் நமக்குச் சொல்ல வேண்டியிருந்ததே என்று நாணுகிறோம். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் புனித இறை யோவான், கிரனாதா நகர மருத்துவமனையில் பைத்தியக்காரராக அடைக்கப்பட்டுச் சாட்டையடி பட்டவர். வெளியே வந்ததும் நோயாளிகளை அடிக்காத மருத்துவமனை ஒன்றை ஏற்படுத்தினார். 1549-இல் அந்தப் பழைய மருத்துவமனை தீப்பற்றி எரிந்தபோது உள்ளே பாய்ந்து நோயாளிகளைத் தூக்கிவந்தவரும் அவரே. நெருப்பில் புகுவதும் மனநோயாளியின் அருகே அமர்வதும் அவருக்கு ஒரே அழைத்தல். பெல்ஜியத்தின் கேல் நகரத்தார், புனித திம்ப்னாவின் திருத்தலத்திற்கு வந்த மனநோயாளிகளைப் பல நூற்றாண்டுகளாகத் தம் வீடுகளிலேயே குடும்பத்தில் ஒருவராக வைத்துப் பேணினர். அதுவும் திருத்தலமே. அங்கே நோயாளிக்குக் கிடைத்தது ஒரு பாயும், சாப்பாட்டு மேசையில் ஓர் இடமும்.

மறுபக்கம் ஒன்றையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. இன்று ஆற்றுப்படுத்துநர் என்ற பலகை மாட்டுவது மிக எளிதாகிவிட்டது. மூன்று நாள் பயிலரங்கில் சான்றிதழ் பெற்றுவந்து குடும்பங்களைப் பிரித்துவைத்தவர்கள் உண்டு. அருள்பணியாளர்களும் அதில் அடக்கம். கேட்டதை வெளியே சொல்கிறவர்கள் உண்டு. ஒப்புரவுத் தொட்டியின் இரகசியம் மீறலாகாதது என்று 983-ஆம் சட்டம் நம்மைக் கட்டுகிறது. அந்தக் கண்டிப்பில் ஒரு பகுதியாவது இவர்களுக்கும் வேண்டும். மாத்திரை தேவைப்படும் நோய்க்குப் பேச்சு மட்டும் போதாது. மனநல மருத்துவரிடம் அனுப்பத் தெரியாதவர் ஆற்றுப்படுத்துநர் ஆகார். தன் காயத்தை ஆற்றிக்கொள்ளவே இப்படிப்பிற்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். நம் இளைஞரிடமும் இதையே கேட்டோம். இரவில் அந்தத் தெருவும் அந்த வீடும் கனவில் வருவதை ஒளிக்காமல் சொன்னார். தாமும் ஓர் ஆற்றுப்படுத்துநரிடம் போவதாகச் சொன்னார். அப்போதுதான் நமக்கு முழு நம்பிக்கை வந்தது. இரண்டாண்டுப் பட்ட மேற்படிப்பு. அதற்குமேல் மூத்தவர் மேற்பார்வையில் பயிற்சி. ஊதியம் இல்லாத காலம். மனைவி தையல் வேலையில் குடும்பத்தை நடத்துகிறார்.

இதற்கிடையில், தொலைபேசியில் 14416 என்ற எண்ணை அழைத்தால் எந்நேரமும் தமிழிலேயே மனநல உதவி கிடைக்கும். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. அறிவிப்புப் பலகையில் திருமண ஓலைகளுக்குப் பக்கத்தில் இதை ஒட்டிவைக்க எந்தப் பங்கிற்கும் செலவில்லை. நம் பங்கில் ஒட்டினோம். யாரோ இரண்டு முறை கிழித்தார்கள். கோவில் வாசலில் இது அபசகுனமாம்.

வரும் ஆண்டு நம் பங்கின் பொன்விழா. நினைவாக ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிப் பனிமய அன்னையின் பெயரை எழுதி ஓடவிடலாம் என்று கொடையாளர்கள் முன்வந்திருக்கிறார்கள். நல்லெண்ணமே. ஆனால் நம் தெருவிற்கு 108 சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. அந்த ஊர்தியின் விலையில் பாதி போதும். அந்த இளைஞரையும் இன்னும் இரு பெண்களையும் முறையாகப் படிக்கவைத்து, கோவிலுக்கு வடக்கே தேர்ச்சாமான் அடைந்து கிடக்கும் அறையை வெள்ளையடித்து, இரண்டு நாற்காலியும் ஒரு திரையும் போட்டுவிடலாம். அறைக்கு வாசல் தெருப்பக்கம் இருக்கவேண்டும். கோவிலைச் சுற்றிக்கொண்டு வரச்சொன்னால் யாரும் வரமாட்டார்கள். இதைப் பேரவையில் எழுத்து மூலமாகக் கொடுத்துள்ளோம். வாசல் இருக்கலாம், ஆனால் அதன்மேல் பலகை வேண்டாம் என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்திருக்கிறார். பலகை இல்லாமலே தொடங்க நமக்குச் சம்மதம். அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு, மாலைத் திருப்பலிக்குப் பின்.